கழுத்துவெட்டு மணி

கழுத்துவெட்டில் மண் நடக்கும். ஓடாது, உருளாது, வயிறு முட்டச் சாப்பிட்ட பெரிய கங்காணி மாதிரி, யாருக்கும் தெரியாமல் அடி அடியாக நடக்கும். தெமோதரைக்கும் பதுளைக்கும் நடுவில், ஊத்துமலைத் தோட்டத்து மலையைக் கழுத்தோடு வெட்டித் தண்டவாளம் போட்ட இடம் அது. வெள்ளைக்காரன் வெட்டிய நாளிலிருந்து மலைக்கு அந்தக் காயம் ஆறவில்லை. தோட்டத்து ஆட்கள் குடியிருக்கிற வரிசை வீடுகளில், மேட்டு லயத்தில் பொன்னையா நட்ட பலாமரம் காய்க்கத் தொடங்கிய வருடம் பள்ளத்து லயத்து வாசலில் நின்றதாம். பழம் யாருக்கென்று இரண்டு லயமும் மண்டையை உடைத்துக்கொண்டதாம். கொஞ்சம் கூட்டித்தான் சொல்வார்கள். ஆனால் மரம் இறங்கியது உண்மை. அதற்கடுத்த மழைக்கு ஒரு மாட்டுக்கொட்டிலும் இறங்கியது. கொட்டில் கிடைத்தது. மாடு கிடைக்கவில்லை.

தெமோதரையில் மலையை வளையமாகச் சுற்றித் தன் வாலைத் தானே முகர்ந்து பார்த்துவிட்டு இறங்கி வருகிற ரயிலுக்கு இந்த வெட்டெல்லாம் ஒரு பொருட்டா? ஒரு பயமும் இல்லாமல் போய் வந்துகொண்டிருந்தது. பயந்தவர் ஒருவர்தான். அவர் வீரசிங்கம்.

யாழ்ப்பாணத்து மனிதர். கொழும்பில் ரயில் பாதைக்குப் படம் கீறுகிற உத்தியோகம். ஆளைவிட அவருடைய குடை கனம். ஒருமுறை அவர் ஏறி வந்த ரயிலுக்கு முன்னால், இதே வெட்டில், ஒரு பாறை இறங்கிவந்து தண்டவாளத்தில் உட்கார்ந்தது. எஞ்சினுக்கும் பாறைக்கும் நடுவில் ஒரு கோழிக்குஞ்சு நுழைய இடமில்லை. அன்று பிடித்த நடுக்கத்தில் அவர் வருடக்கணக்காக யோசித்து ஒரு கருவி செய்தார். செய்ததைச் சோதித்துப் பார்க்கக் கழுத்துவெட்டையே கேட்டு வாங்கினார். சோதனைக்குக் காவலாக ஒரு ஆள் வேண்டும் என்றபோது மாட்டிக்கொண்டவன் சின்னராசா.

மாட்டிக்கொண்டான் என்று அவன் பெண்சாதி ரெங்கம்மாதான் சொல்வாள். ஊத்துமலையில் பிரஜாவுரிமைக் கடிதம் கிடைத்த ஒன்றிரண்டு பேரில் அவனும் ஒருவன்; அது இல்லாதவனுக்கு அரசாங்க வேலை இல்லை. அந்தத் தைரியத்தில் தோட்டத்தில் பேரை வெட்டச் சொல்லிப் விலகியதற்கான பத்துச்சீட்டை வாங்கிக்கொண்டு, லயத்து ஒற்றையறைக் காம்பராவைக் காலிபண்ணி, வெட்டுக்குப் பக்கத்தில் ரயில்வே கட்டிக்கொடுத்த தகரக் கொட்டகைக்கு இரண்டு ஆட்டையும் ஒரு அம்மியையும் பெண்சாதியையும் கூட்டிக்கொண்டு வந்துவிட்டான். சோதனை தேறினால் நிரந்தர வேலை, காக்கிச் சட்டை, ஓட்டு வீடு. தேறாவிட்டால் தோட்டமும் இல்லை, ரயிலும் இல்லை. ‘பேரு வெட்டுனா வெட்டுனதுதான், திரும்பி வந்து வேலைக்குப் பேரெடுக்குற பெரட்டுல நின்னுறாத’ என்று பெரிய கங்காணி வாசல்வரை வந்து வழியனுப்பியிருந்தார்.

கருவியைப் பூட்டிய அன்றைக்கு வீரசிங்கம் கொட்டகை வாசலில் தேத்தண்ணிக் கோப்பையோடு குந்தி, ரெங்கம்மாவுக்கே பாடம் நடத்தினார்.

“இந்தா பார் பிள்ளை. மேல மலையில வரிசையாக் கட்டை நட்டிருக்கு, பாத்தனியே? கட்டைக்குக் கட்டை கம்பி. மண் அசைஞ்சால் கட்டை சாயும். கட்டை சாய்ஞ்சால் கம்பி இழுபடும். இழுபட்டால் இந்தப் பெட்டிக்குள்ள கொக்கி கழரும், குண்டு விழும், சுத்தியல் போய் மணியில அடிக்கும். மனுசர் ஆரும் தொடத் தேவையில்லை.”

“அப்ப இவரு எதுக்குங்க ஐயா?”

“மணி அடிச்சால் சிவப்புக் கொடியோட ஓடுறதுக்கு.”

“ஆடு வந்து முட்டுனாலும் கட்ட சாயுமுங்களே?”

வீரசிங்கம் கோப்பையைக் கீழே வைத்தார். “ஆடு முட்டக்கூடாது,” என்றார்.

ஆடு முட்டியது. அடுத்த நாளே முட்டியது. பழைய எஞ்சின் ஒன்றிலிருந்து கழற்றிய வெண்கல மணி அது. அடித்தால் பதுளைப் பட்டணத்தில் சாமி கும்பிடுகிறவன் நெற்றியில் திருநீறு உதிரும். சின்னராசா சிவப்புக் கொடியோடு விழுந்தடித்து ஓட, கொழும்புக்குப் போன ரயில் சக்கரம் கிறீச்சிட்டு நின்றது. பிறகு காட்டுப்பன்றி முட்டியது. குரங்கு ஊஞ்சலாடியது. காற்றடித்தால் அடித்தது, காற்று நின்றால் நின்றதற்காக அடித்தது. ஒரு மாப்பிள்ளைக்கு முகூர்த்தம் தவறி, அவன் அடுத்த முகூர்த்தத்தில் வேறு பெண்ணைக் கட்டினான் என்றுகூட ஒரு பேச்சு உண்டு.

எஞ்சின் டிரைவர் ஷுக்ரி ஒவ்வொரு தடவையும் தலையை வெளியே நீட்டுவார். “சின்னராசா! ஒன்ட மணிக்கும் எனக்கும் என்னடா பகை? மலை விழுந்திச்சா?”

“இல்லீங்க தொர. ஆடுங்க.”

“அந்த ஆட்டைக் கறியாக்கு! எனக்கும் ஒரு தொடை குடு!”

நாளாக ஆக, மணி அடித்தால் ஷுக்ரி வேகத்தைக் கொஞ்சம் குறைத்து, “ஆடுதானே?” என்று கேட்டுக்கொண்டே போகத் தொடங்கினார். “ஆமாங்க” என்று சின்னராசாவும் கொடியைச் சுருட்டியபடியே சொன்னான். ரெங்கம்மாவுக்கு அது பிடிக்கவில்லை. ஏன் பிடிக்கவில்லை என்று கேட்டால் அவளுக்குச் சொல்லத் தெரியாது. அந்த மணியை யாரும் இப்போது நிமிர்ந்து பார்ப்பதில்லை, அவ்வளவுதான்.

நிமிர்ந்து பார்த்தவள் பெரியாயி ஒருத்திதான்.

பெரியாயி பள்ளத்து லயத்துக்காரி. கொழுந்து எடுப்பதில் ஊத்துமலையில் முதல் கை, வாயில் அதற்கும் முதல். ஒருநாள் படங்குச் சாக்கை இடுப்பில் சுற்றிக் கூடையோடு மலையேறும்போது, காற்று இல்லை, ஆடு இல்லை, மணி தானாக ஒரு அடி அடித்து நின்றதைக் கேட்டாள். கம்பி போகிற வழியில்தான் முனியாண்டிக் கல் இருந்தது. பெரியாயிக்கு மயிர்க்கூச்செறிந்தது. கூடையை இறக்கி வைத்துவிட்டு நேராக ரெங்கம்மாவிடம் வந்தாள்.

“அடியே ரெங்கு, கட்டிக்கிட்டு எத்தன வருசமாச்சு? வயித்துல ஒண்ணும் தங்கலயே. ஒரு பழஞ்சேலயக் கிழிச்சுக் குடு.”

“எதுக்குக்கா?”

“ஆளில்லாம மணியடிக்கிற சாமி நம்ம வாசல்ல இருக்கு. நீ என்னாடான்னா அது மேல துணி காயப்போடுற.”

சேலைக் கிழிசலில் ஒரு சின்னத் தொட்டிலைக் கட்டி, குழந்தைக்குப் பதிலாக ஒரு கூழாங்கல்லை வைத்து, பெரியாயி அதைக் கம்பியில் தொங்கவிட்டாள். அந்த வருடம் பங்குனிக்குள் ரெங்கம்மாவுக்குப் புளிப்பு கேட்டது. அவ்வளவுதான். கம்பிச்சாமியின் புகழ் பஸ் ஏறிப் போனது. லுணுகலையிலிருந்து வந்தார்கள். பண்டாரவளையிலிருந்து வந்தார்கள். கல்யாணமாகாதவள்கூட முன்யோசனையாக ஒன்று கட்டிவிட்டுப் போனாள். கொஞ்ச நாளில் கம்பி தெரியவில்லை; சிவப்பும் மஞ்சளும் பச்சையுமாக மலைக்குக் குறுக்கே தொட்டில்கள் மட்டுமே தொங்கின.

அடுத்த முறை வந்த வீரசிங்கம் குடையை ஊன்றிக்கொண்டு நின்றுவிட்டார்.

“இதென்ன சின்னராசா? விஞ்ஞானமோ, திருவிழாவோ?”

“சொன்னா கேக்க மாட்டேங்கிறாங்கய்யா.”

“கழட்டியெறி.”

சின்னராசா ரெங்கம்மாவின் வயிற்றைப் பார்த்தான். வீரசிங்கமும் பார்த்தார். அவருக்குப் பிள்ளையில்லை. பெட்டியைத் திறந்து, தொட்டில்களின் பாரத்துக்கு ஈடாகக் கொக்கியை இறுக்கிவிட்டுப் போனார். போகும்போது, யாரும் பார்க்கவில்லை என்று நினைத்து, ஒரு தொட்டிலை விரலால் லேசாக ஆட்டிவிட்டுப் போனதை ரெங்கம்மா பார்த்தாள்.

ஐப்பசி பிறந்தது. மழை வந்தது. மழையென்றால் துளியாக விழுகிற மழையா? கம்பளி போர்த்திப் போன பெண்கள் கொழுந்துக்கூடையில் தண்ணீர் சுமந்துகொண்டு வந்தார்கள். அடுப்பங்கரையில் விறகு துளிர்த்தது. தவளை லயத்து மெத்தையில் குட்டி போட்டது என்று சொன்னால் தவளை குட்டி போடாது என்று சொல்வார்கள். அந்த மழையில் போட்டிருக்கும். அப்படிக் கொட்டிக்கொண்டிருந்த ஒரு மத்தியானத்தில் வீரசிங்கம் நனைந்த காகம் போல வந்து நின்றார்.

“சனிக்கிழமை பெரிய துரை வாறார்,” என்றார். கொழும்பிலுள்ள தலைமை இஞ்சினியர் வெள்ளைக்காரன். நாடு கைமாறினாலும் அவர் நாற்காலி கைமாறாமல் இருந்தது. “தெமோதரையிலயிருந்து ட்ரொலியில வந்து பாக்கப்போறார். கடைசிச் சோதனை. சின்னராசா, பிரேக் பிடிக்க நீயும் ட்ரொலியில நிக்கவேணும். விளங்குதோ?”

“சரிங்கய்யா.”

“மனுசன் ஏற்கெனவே சிரிச்சுக்கொண்டுதான் இருக்கிறார். ஆட்டு மணியெண்டு பேர் வைச்சிருக்கினம் கொழும்பில. அவர் வந்து நிக்கேக்க ஆடு முட்டி இது அடிச்சுதெண்டால், கதை முடிஞ்சுது. கம்பியைச் சுருட்டி எடுத்துப் போடுவாங்கள். உனக்கு வேலையில்லை. நான் சாகுமட்டும் ஒழுகுற கக்கூசுக்குப் படம் கீறவேண்டியதுதான்.”

ரெங்கம்மா ரொட்டியும் கட்டைச் சம்பலும் வைத்தாள். அவர் தொடவில்லை.

“ஐயா, மலையிலருந்து வர்ற பீலித்தண்ணி செவப்பா வருதுங்க,” என்றாள் ரெங்கம்மா.

“மழைதானே பிள்ளை.”

“போன மழைக்கு இப்புடி வரலீங்க.”

“சனிக்கிழமை கழியட்டும்,” என்றார் வீரசிங்கம். “சனிக்கிழமை மட்டும் இது அடிக்காமல் இருக்கவேணும்.”

அந்த வாசகம் அந்தக் கொட்டகைக்குள் ஒரு பல்லியைப் போல ஒட்டிக்கொண்டது. அவர் போன பிறகும் போகவில்லை. சின்னராசா காக்கித் துணி வாங்கக் கடையில் சொல்லி வைத்திருப்பதைப் பற்றிப் பேசினான். ஓட்டு வீட்டில் தொட்டில் எந்த மூலையில் கட்டுவது என்று கேட்டான். இடையிடையே பெட்டியைப் பார்த்தான். மறுநாள் பீலியில் தண்ணீர் குழம்பு மாதிரி வந்தது. அதற்கு மறுநாள் வரவே இல்லை. அத்தனை மழையில் பீலி வற்றியது.

“மேல எங்கயாச்சும் எல அடச்சிருக்கும்,” என்றான் சின்னராசா.

“தண்ணி எங்கங்க போகுது அப்ப?”

“மண்ணுக்குத்தான் போகும். நீ வேற. சனிக்கெழம கழியட்டும்.”

சனிக்கிழமை விடிந்தபோது மழை நின்றிருந்தது. அது இன்னும் மோசமாக இருந்தது. மலை முழுவதும் பால் மாதிரி மூடுபனி; எதிரே நிற்கிற ஆடு தெரியவில்லை, அதன் சத்தம் மட்டும் இருந்தது. ஆடுகள் இரண்டும் கயிற்றை இழுத்துக்கொண்டு, பதுளைப் பக்கம் பார்த்து, விடாமல் கத்தின. சின்னராசா தலைக்கு எண்ணெய் வைத்துச் சீவி, கொடிகளைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, விடிந்தும் விடியாமலும் தண்டவாளத்தோரமாகத் தெமோதரைக்கு நடந்துவிட்டான்.

ரெங்கம்மா மணியின் முன்னால் நின்றாள். வயிறு முன்னே நிற்க, அவள் பின்னே நின்றாள். பிள்ளைக்கு விரிப்பதற்காக அலசி அலசி மெத்தென்று ஆக்கி வைத்திருந்த வெள்ளைத் துணி கையில் இருந்தது. ஒரு நாள்தானே. ஒரு காலை நேரம்தானே. சுத்தியலின் தலையில் அந்தத் துணியை நன்றாகச் சுற்றி, குழந்தைக்குக் காது மூடுகிற மாதிரி மூடிக் கட்டினாள். ஆடு முட்டட்டும், குரங்கு ஆடட்டும். இனி அடித்தாலும் பூனை நடக்கிற சத்தம்தான். கட்டி முடித்ததும் அவளுக்கு மனம் லேசானது. துரைக்குக் கொடுக்க ரொட்டியும் பச்சைமிளகாய்ச் சம்பலும் போதாது, நல்ல செத்தல் மிளகாய்ச் சம்பலாக இருக்கட்டும் என்று அம்மியின் முன்னால் காலை நீட்டி உட்கார்ந்தாள்.

பாதி அரைத்திருப்பாள். தேங்காய்ப்பூவை வழித்தெடுக்கக் குழவியை அம்மியின்மேல் வைத்துவிட்டுக் கையை எடுத்தாள். குழவி உருண்டது.

அவள் எடுத்து வைத்தாள். மறுபடி உருண்டது. அம்மியை விட்டு இறங்கி, சாணி மெழுகிய தரையில், ஏதோ வேலை இருக்கிற மாதிரி நிதானமாக வாசலைப் பார்த்து உருண்டு போனது. பானைத் தண்ணீர் ஒரு பக்கம் கூடி நின்றது. ஆடுகள் கத்துவதை நிறுத்தியிருந்தன.

ரெங்கம்மா வாசலுக்கு வந்து மேலே பார்த்தாள். காற்றில்லை. பனி ஓரிடத்தில் கிழிந்து தொட்டில்கள் தெரிந்தன. எப்போதும் நேராகத் தொங்குகிற தொட்டில்கள் எல்லாம் சேர்ந்தாற்போல் ஒரே பக்கமாகச் சாய்ந்து நின்றன. பிறகு நகர்ந்தன. ஒன்றன்பின் ஒன்றாக, தேருக்குப் பின்னால் போகிற பெண்களைப் போல, அவசரமில்லாமல், கீழ்நோக்கி. கம்பி எங்கோ கொசு மாதிரி இரைந்தது.

மணி அடிக்கவில்லை. நல்லவேளை, அடிக்கவில்லை என்று அவள் மனம் முதலில் நினைத்தது. அப்படி நினைத்ததை அவள் பிறகு சாகும்வரை மறக்கவில்லை.

மறுகணம் அவள் ஓடினாள். வயிற்றை ஒரு கையால் தாங்கிக்கொண்டு மறு கையால் சுத்தியலின் துணியை உருவினாள். அடிக்கவில்லை. பெட்டியின் பக்கத்துத் துவாரத்தில் கண்ணை வைத்துப் பார்த்தாள். குண்டைச் சுற்றி யாரோ கட்டுக்கம்பி முறுக்கியிருந்தார்கள். அந்த முறுக்கு அவளுக்குத் தெரியும். வேலிக்கும் கூரைக்கும் ஆட்டுக் கழுத்துக்கும் சின்னராசா போடுகிற இடப்பக்க முறுக்கு. துவாரத்துக்குள் விரலை விட்டு, நகம் பிய்ந்து ரத்தம் வர அதைப் பிரித்தாள். குண்டு விழவில்லை. குண்டுக்கு மேலே கொக்கியின் குறுக்கே ஒரு புதிய போல்ட் பளபளவென்று நின்றது. பெட்டி பூட்டியிருந்தது. அதன் சாவி ஊரில் ஒரே ஆளிடம்தான் உண்டு.

“ஐயோ, ஐயா நீங்களுமா?” என்றாள் ரெங்கம்மா பெட்டியைப் பார்த்து.

தெமோதரைப் பக்கமிருந்து ட்ரொலியின் சக்கரச் சத்தம் கேட்டது. இறக்கத்தில் அது தானாக வரும். தள்ள ஆள் வேண்டாம். பனிக்குள் கொடி பிடித்தால் யாருக்குத் தெரியும்? சிவப்புக் கொடியும் அவன் கக்கத்தில் ட்ரொலியிலேயே வருகிறது. காலில் ஏதோ இடறியது. குழவி. அவளுக்கு முன்னாலேயே மணியின் காலடிக்கு வந்து சேர்ந்திருந்தது.

அதைத் தூக்கினாள். அடித்தாள்.

அந்த அடியைப் பற்றி ஊத்துமலையில் பலவிதமாகச் சொல்வார்கள். மேட்டு லயத்துச் செவிடன் எழுந்து உட்கார்ந்தான் என்பார்கள். பதுளை ஸ்டேசனில் மாஸ்டரின் மூக்குக்கண்ணாடி விரிசல் விட்டது என்பார்கள். கண்ணாடி விரிந்ததோ இல்லையோ, ரெங்கம்மா கணக்கில்லாமல் அடித்தாள். வெண்கலம் உதறி உதறி அவள் தோளில் திரும்ப அடித்தது. வயிற்றுக்குள் பிள்ளை சுருண்டு பந்தாகி நின்றது. சக்கரம் தண்டவாளத்தில் தேய்கிற சத்தம் நீண்டு, நீண்டு, நின்றது.

பிறகு மலை வந்தது. சத்தம் பெரிதாக இல்லை. ஒரு பெரிய மிருகம் படுக்கும்போது விடுகிற மூச்சு மாதிரித்தான் இருந்தது. தேயிலைச் செடிகள் நின்ற நிலையிலேயே வந்தன. முனியாண்டிக் கல் வந்தது. கட்டைகள் வந்தன. எல்லாவற்றுக்கும் மேலே, கடைசியாக, தொட்டில்கள் அசைந்து அசைந்து வந்து மண்மேல் படுத்துக்கொண்டன. பனி விலகியபோது தண்டவாளம் இருந்த இடத்தில் மேடு இருந்தது. மேட்டுக்கு இந்தப் பக்கம், கை நீட்டினால் மண் தொடுகிற தூரத்தில், ட்ரொலி நின்றது. கொட்டகை மட்டும் மிஞ்சியது. அதையும் மண் வாசல்வரை வந்து பார்த்துவிட்டு நின்றிருந்தது.

முதலில் இறங்கியவர் பெரிய துரை. முகம் சுண்ணாம்பு மாதிரி இருந்தது. மண்மேட்டைப் பார்த்தார். மணியைப் பார்த்தார். தொப்பியைக் கழற்றினார். ரெங்கம்மா குழவியை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டாள். துரை மணியிடம் போய், குதிரையைத் தடவுகிற மாதிரி அதைத் தடவினார். மணி முழுக்கச் செத்தல் மிளகாய்ச் சம்பல். துரை அந்தக் கையாலேயே கண்ணில் வழிந்த வியர்வையைத் துடைத்தார்.

தாரை தாரையாகக் கண்ணீர் வந்தது. அதற்குள் லயத்திலிருந்து ஓடிவந்துவிட்ட சனம், வெள்ளைக்காரன் நம் உயிருக்காக அழுகிறான் என்று தானும் அழுதது. துரை அழுதுகொண்டே இங்கிலீசில் உரக்கப் பேசினார்.

“துரை என்ன சொல்லுறாரெண்டால்,” என்றார் வீரசிங்கம். அவர் உதடு வெளுத்திருந்தது. “மணி வேலை செய்யுது எண்டு சொல்லுறார்.”

அன்று சாயந்திரம் பெரியாயியோடு சேர்த்து அவர்கள் நாலு பேரும் கொட்டகை அடுப்பைச் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். துரையைப் பதுளையிலிருந்து கார் வந்து கூட்டிப் போயிருந்தது. சின்னராசா ஒரு விறகை அடுப்புக்குள் தள்ளினான்.

“நான் கட்டுன முறுக்கு எனக்குத் தெரியாதா? அந்த மணி அடிக்காது. அடிக்கவே அடிக்காது. ஆனா கேக்குது. எனக்கு ஒடம்பெல்லாம் வேர்த்துருச்சு. ஐயாவப் பாக்குறேன், ஐயா மொகத்துல பொணக்களை. அப்பத்தான் பிரேக்கப் புடிச்சேன். மலைக்குப் பயந்து புடிக்கல புள்ள. அந்தச் சத்தத்துக்குப் பயந்து புடிச்சேன்.”

வீரசிங்கம் பெட்டியிலிருந்து கழற்றிய போல்ட்டை உள்ளங்கையில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“நேற்றுப் பின்னேரம் வந்து பூட்டினனான்,” என்றார். “நீங்கள் ரெண்டு பேரும் விறகுக்குப் போயிருந்தியள். என்ர மணியை நானே.”

மூலையில் முக்காடிட்டு உட்கார்ந்திருந்த பெரியாயி திடீரென்று மாரில் அடித்துக்கொண்டாள்.

“நீங்கள்லாம் என்னா கட்டுனீங்க! நான்தான்டி ரெங்கு சாமியவே கட்டிப்புட்டேன்! பன்னிக்குக் காட்டுல மந்திரக்கட்டுப் போடுற மாதிரி, கயித்துல முடிச்சுப் போட்டு, கம்பிய முனியாண்டிக் கல்லோட இறுக்கிக் கட்டிப்புட்டேன். இன்னைக்கு ஒரு நாளு சத்தம் போடாத சாமி, இந்தப் புள்ளதாச்சிக்காகன்னு வேண்டிக்கிட்டேன். அது பேச்சக் கேட்டுருச்சே!”

மலையில் எங்கோ ஒரு கல் உருண்டு, இன்னொரு கல்லைக் கூப்பிட்டுக்கொண்டு போனது.

“ஐயா,” என்றாள் ரெங்கம்மா. “தொரைக்கிட்ட சொல்லிருங்க.”

“என்னெண்டு சொல்லுறது?”

“நடந்ததத்தாங்க.”

வீரசிங்கம் அவளைப் பார்க்காமல் அடுப்பைப் பார்த்துச் சொன்னார். “அப்புத்தளை வரைக்கும் எல்லா வெட்டுக்கும் மணி பூட்டச் சொல்லிப்போட்டுப் போறார். இனி இதுதானாம் முறை. உன்ர மனுசனுக்கு நிரந்தர வேலை. எனக்கு… எனக்கு உத்தியோக உயர்வு. மற்ற வெட்டுகளில காவலுக்கு இனி ஆளே தேவையில்லையாம், மணி போதுமாம். பாதைக் காவல்காரரை எல்லாம் நிப்பாட்டிக் காசு மிச்சம் பிடிக்கலாமாம்.”

“மணி மேல தப்பில்லீங்க ஐயா. விட்டிருந்தா அடிச்சிருக்கும். அங்கயும் ஆடு இருக்கும், பன்னி இருக்கும். அங்கயும் தொரமாரு வருவாங்க. ஒவ்வொரு மணிக்கும் நம்மள மாதிரி நாலு பேரு இருப்பாங்க. கொழவியோட யாருங்க இருப்பா?”

தேத்தண்ணி ஆறிப் பாசி மாதிரி ஆடை கட்டியது. வீரசிங்கம் எழுந்து குடையை எடுத்துக்கொண்டு வாசலில் நின்றார்.

“நீ சொல்லுறதெண்டால் சொல்லு பிள்ளை. நான் மறிக்கமாட்டன். நீதான் அடிச்சனி. உன்ர வாயாலதான் அது வரவேணும்.” குரல் தாழ்ந்தது. “சொன்னால் எனக்கும் சின்னராசாவுக்கும் என்ன நடக்குமெண்டு உனக்குத் தெரியும். அதையும் யோசிச்சுக்கொள்.”

சொல்லிவிட்டு நடந்தார். ஒரு பெரிய பாரத்தை எடுத்து எட்டு மாதக் கர்ப்பிணியின் தலையில் வைத்துவிட்டும் பாரம் குறைந்தவராகத் தெரியவில்லை; இன்னும் கூனியே போனார்.

ரெங்கம்மா சின்னராசாவைப் பார்த்தாள். அவன் தரையைப் பார்த்தான். “பேரு வெட்டியாச்சு புள்ள,” என்றான் மெதுவாக. “லயத்துக் காம்பராவுல வேற ஆளு வந்தாச்சு.” அவள் மறுநாள் சொல்லலாம் என்று நினைத்தாள். மறுநாளைக்கு மறுநாள் என்று நினைத்தாள். கார்த்திகை முடியுமுன் ஓட்டு வீட்டில் பெண்பிள்ளை பிறந்தது. காக்கிச் சட்டை வந்தது. அதில் சின்னராசா மாதிரி இரண்டு பேர் நுழையலாம் போலிருந்தது. பெரியாயி பிள்ளைக்கு மணிமேகலை என்று பேர் வைக்கலாம் என்றாள். ரெங்கம்மா மணி என்று தொடங்குகிற பேரே வேண்டாம் என்றாள்.

மார்கழி பிறந்தது. ஐம்பத்தேழாம் வருடத்து மார்கழி. அந்த மழையைக் கண்டவர்களிடம் கேட்டுப் பாருங்கள். பெரிய வெள்ளம் என்று சொல்லிவிட்டுப் பேச்சை மாற்றுவார்கள். அது தொடங்குவதற்கு முதல்நாள். வானம் அடிப்பிடித்த சட்டி மாதிரி கறுத்து, மலைக்கு மேல் தொட்டுக்கொண்டு நின்றது.

மண் அள்ளிச் சரிசெய்த பாதையில் பதுளையிலிருந்து சாமான் ரயில் ஏறி வந்தது. வெட்டுக்குப் பக்கத்தில் அது வருமுன்னே சத்தம் வந்தது. பதுளையில் வார்த்த புதிய மணிகளை வைக்கோல் வைத்துக் கட்ட யாருக்கும் தோன்றவில்லை போலிருக்கிறது. திறந்த பெட்டிகளில் அப்படியே ஏற்றியிருந்தார்கள். வளைவுக்கு வளைவு, குலுக்கலுக்குக் குலுக்கல், எல்லா மணியும் சேர்ந்து அடித்துக்கொண்டு வந்தன. உலகத்துக் கோயில்களெல்லாம் ஒரே ரயிலில் ஏறி அப்புத்தளைக்குப் போகிற மாதிரி இருந்தது. கொழுந்து எடுத்துக்கொண்டிருந்த பெண்கள் கூடையோடு திரும்பிக் கையெடுத்துக் கும்பிட்டார்கள். பெரியாயி குலவையிட்டாள். எஞ்சினிலிருந்து ஷுக்ரி எக்காளமாகக் கையை ஆட்டினார். “சின்னராசா! ஒன்ட ஆட்டு மணி குட்டி போட்டிருக்கு, பாத்தியா!”

சின்னராசா விறைப்பாக நின்று பச்சைக் கொடியை நீட்டிப் பிடித்திருந்தான். சிவப்புக் கொடி சுருட்டியபடி இடது கக்கத்தில் இருந்தது. ரெங்கம்மா பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு அவனுக்குப் பக்கத்தில் வந்து நின்றாள். எஞ்சின் இன்னும் அவர்களைத் தாண்டவில்லை.

அவள் கை மெதுவாகப் போய் அந்தச் சிவப்புக் கொடியின் காம்பைப் பிடித்தது.

அவன் திரும்பவில்லை. ரயிலைப் பார்த்தபடியே, கையை உடம்போடு சேர்த்து இறுக்கிக்கொண்டான். அவள் இழுத்தாள். அவன் இன்னும் இறுக்கினான். அவன் உடம்பு நடுங்குவது அந்தக் காம்பு வழியாக அவள் கைக்குத் தெரிந்தது. பெட்டி பெட்டியாக, மணி அடித்துக்கொண்டே, ரயில் அவர்களைக் கடந்து மேலே போனது.

பிள்ளையின் நெற்றியில் ஒரு துளி விழுந்தது.